பன்னிரண்டு அங்குல மாப்பிள்ளையும் சிவப்பக்காவும்

ஒரு பொம்மையை என் கையில் கொடுத்தால் ஏழு நிமிடத்தில் பதினாறு குறை கண்டுபிடித்துவிடுவேன். அதே ஏழு நிமிடத்தில் என்னிடம் முப்பது குறை கண்டுபிடிக்க என் மனைவியால் முடியும். எனக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் தொழிற்சாலை செய்தது பெரியவர்கள் வாங்கும் பொம்மைகள். சிரிக்க வேண்டாம். உலகத்தில் நரைத்த தலையோடு வீரன் பொம்மை வாங்கி, பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் ஏராளம். அவர்களுக்காக நாங்கள் செய்தவன் 'எரிமீன் வீரன்'. உயரம் பன்னிரண்டு அங்குலம். உடல் முழுக்கச் சிவப்பு உடை, முதுகில் காற்றில் பறப்பதுபோன்ற சிவப்பு அங்கி, இடுப்பில் பொன்னிற பெல்ட். ஒவ்வொருவனின் உள்ளங்காலிலும் ஒரு வரிசை எண்.

அவனுக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் மாப்பிள்ளை. தலைமைத் தரப் பரிசோதகனான நான் அவனைப் பெண் வீட்டார் மாதிரி மேலும் கீழும் பார்த்ததால் வந்த பெயர். முழங்கால் மடக்கினால் நிற்கிறதா, தொங்குகிறதா? காது ஓரத்தில் அச்சுக்கோடு தெரிகிறதா? ஒற்றைக் காலில் நிறுத்தினால் சாய்கிறானா? இரண்டு கண்ணும் ஒரே திசையில் பார்க்கிறதா? கடைசியில் பொம்மையை என் கைநீளத் தூரத்தில் பிடித்து ஐந்து எண்ணும்வரை பார்ப்பேன். அதற்குள் கண்ணில் படாத குறை, குறையே அல்ல. இது எழுதப்பட்ட விதி. நான் விதியை மதிக்கிறவன். ஐந்து எண்ணிய பிறகு பூதக்கண்ணாடியையும் எடுத்துப் பார்ப்பேன். அது விதியில் இல்லை, என் வியாதி. அதனால் எனக்கும் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர் வந்தது.

வேலை முடிந்ததும் கூட்டங்களில் பேசுவேன். 'எதையும் சான்று இல்லாமல் நம்பாதே, எவனையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடாதே' என்பது என் நிரந்தரத் தலைப்பு. பதினொரு பேர் வருவார்கள். அதில் நான்கு பேர் என் உறவினர்கள்.

இது என் கதையாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் எழுத வந்தது சிவப்பக்காவைப் பற்றி.

தொழிற்சாலைக்குத் தேவையான சிவப்பு முழுவதையும் கலந்தவர் அவர். நாற்பத்தாறு வயது. குள்ளம், வேகமான நடை, புறங்கையில் எப்போதும் ஏதாவதொரு சாயத் தீற்றல். வேலைக்கு வந்தது கூட்டிப் பெருக்க. வந்த இரண்டாம் மாதம் கலவை ஆள் விடுப்பில் போய்விட, அவருடைய உதவியாளர் மூன்று வாளிச் சிவப்பைக் கலந்து கெடுத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தார். துடைப்பத்தோடு நின்ற இவர் எட்டிப் பார்த்து, "ஒரு சொட்டு கறுப்பு விடுங்களேன்" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழி தெரியாததால் விட்டும் பார்த்தார்கள். சரியாகிவிட்டது. மறுநாளிலிருந்து கலவை வேலை இவர் கைக்கு வந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும் இவர் பெயருக்கு எதிரே 'துப்புரவு' என்ற சொல் இன்னும் ஆறு வருடம் இருந்தது. வாளியில் இருந்த தவறைத் திருத்த ஒரு நிமிடம் ஆயிற்று. காகிதத்தில் இருந்ததைத் திருத்த ஆறு வருடம். இதையும் நான் ஒரு கூட்டத்தில் கொதித்துப் பேசியிருக்கிறேன், பெயர் சொல்லாமல். அவர் கேட்டுவிட்டு, "கூட்டத்துல பேசினதுக்குப் பதிலா ஆபீஸ்ல பேசியிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே மாறியிருக்கும் சார்" என்றார்.

கணவர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். "ஊருக்கே சிவப்பு கலக்குறேன், வீட்டுல பாக்க ஆளில்ல" என்பார் அக்கா. "ஒரு சவுகரியம். எனக்குக் கோபத்துல மூஞ்சி செவந்தாலும் அந்த மனுஷனுக்குத் தெரியாது. வாயத் திறந்து சொன்னாத்தான் உண்டு." ஒரு மகள், பரிசோதனைக் கூட உதவியாளர் படிப்பில் இரண்டாம் வருடம்.

காலையில் கலவை தயாரானதும் ஒரு அட்டைத் துண்டில் ஒரு விரல் சாயம் இழுப்பார். காய்ந்ததும் தேதி எழுதி, ஒரு நோட்டில் ஒட்டி, தகர டப்பாவில் மூடி வைப்பார். யாரும் கேட்காத கணக்கு. இருபத்து மூன்று வருடச் சிவப்பு அந்த டப்பாவில் இருந்தது.

இனி மாதிரிப் பொம்மையைப் பற்றிச் சொல்லவேண்டும். வாடிக்கையாளர் நிறுவனம் ஒப்புக்கொண்ட முதல் பொம்மையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, திறக்கும் விளிம்பில் ஒரு தாளை ஒட்டி, அவர்களும் நாங்களும் கையெழுத்துப் போடுவோம். அதன்பின் வருகிற ஒவ்வொரு பொம்மையும் அதைப்போல் இருக்கவேண்டும். தாள் கிழிந்தால் மாதிரி செல்லாது. பெட்டியை வைப்பதற்கென்றே என் அறையில் இருட்டான இரும்பு அலமாரி ஒன்று இருந்தது.

அந்த அலமாரியில் என் புத்தகங்கள் இருந்தன. "வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தப் புத்தகம் இருக்கணும்" என்று மனைவி சொன்னாள். நியாயமாக யோசித்துப் புத்தகங்களைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தேன். பெட்டி ஜன்னல் மேடைக்குப் போயிற்று. இயற்கை வெளிச்சத்தில் மாதிரி நன்றாகத் தெரியும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். படித்தவனுக்குக் காரணம் கண்டுபிடிப்பதா கஷ்டம்?

பதினொரு மாதம் கழித்து இரண்டாம் முறை ஆர்டர் வந்தது. இரண்டாயிரத்து நானூறு மாப்பிள்ளைகள். சரக்கு தயாரானதும் முதல் பொம்மையை மாதிரிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஐந்து எண்ணத் தேவையில்லை, இரண்டிலேயே தெரிந்துவிட்டது. புதியவன் அடர்ந்த சிவப்பு. மாதிரி அதைவிட இளஞ்சிவப்பு. பத்து பொம்மை எடுத்துப் பார்த்தேன். பத்தும் அப்படியே. நிறம் அளக்கும் கருவி பழுதாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கேட்டபோதெல்லாம் மேலாளர், "உங்க கண்ணு இருக்கும்போது கருவி எதுக்கு சார்?" என்பார். நானும் புகழ்ச்சியில் குளிர்ந்துபோய்த் திரும்பிவிடுவேன். ஒரு ரிப்பேர்ச் செலவு மிச்சமாக ஒரு முட்டாளைப் புகழ்ந்தால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நிராகரிப்புக் குறிப்பு எழுதினேன். என் வாழ்நாளின் சிறந்த உரைநடை அதுதான் என்று அன்று நினைத்தேன். 'நிறம் அளவுக்கு மீறிக் கறுத்துள்ளது. மேலும், மாதிரியில் அங்கியின் உள்மடிப்புகள் அடர்ந்தும் வெளிமேடுகள் வெளுத்தும் காணப்படும் நுட்பமான ஒளிநிழல் வேலைப்பாடு இச்சரக்கில் அறவே இல்லை. கலவையிலும் பூச்சிலும் கவனக்குறைவு.'

குறிப்பு மேலாளரிடம் போன அரை மணி நேரத்தில் சிவப்பக்கா தகர டப்பாவோடு என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"சார், கலவை மாறல. இதப் பாருங்க, போன வருஷத்து அட்டை. இது இன்னைக்கு எடுத்தது. ரெண்டும் ஒண்ணா இல்லையா?"

ஒன்றாகத்தான் இருந்தன.

"ஏம்மா, இந்த அட்டையில போன வருஷத் தேதிய நேத்துக்கூட எழுதியிருக்கலாமே. இது சான்று ஆகாது."

இதை நான் சொன்னேன். இருபது வருடமாக ஒரு பொய் சொல்லி நான் பார்த்திராத பெண்ணிடம் சொன்னேன். அவர் டப்பாவை மூடினார்.

"அப்ப உங்க பெட்டியில இருக்கிறவன் மட்டும் எப்படி சார் சான்று?"

"அதுல கையெழுத்து இருக்கு."

"எங்கிட்டயும் நோட்டுல போடச் சொல்லியிருந்தா போட்டிருப்பேனே."

பதில் வராதபோது செய்வதைச் செய்தேன். குரலை உயர்த்தி விதியைப் படித்தேன்.

மாலைக்குள் மேலாளர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். தொழிற்சாலையில் தவறு என்பது தண்ணீர் மாதிரி, எங்கே ஊற்றினாலும் பள்ளத்துக்குத்தான் ஓடும். வாடிக்கையாளருக்குக் கடிதம் போயிற்று. பொறுப்பான ஊழியர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்று. நடவடிக்கையைக் கடிதத்துக்குப் பிறகு எடுத்தார்கள். வாசல் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள்: வண்ணக் கலவைப் பிரிவு ஊழியர் கவனக்குறைவுக்காக இடைநீக்கம், மூன்று நாளில் விசாரணை. தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலையிலிருந்து 'மரியாதையாக' விலகிக்கொள்ளலாம் என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். அவருக்கு வயது முப்பத்திரண்டு. சிவப்பக்காவை 'நீ' என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்தம்மா தப்பு பண்ணியிருப்பாங்கன்னு நீங்க நம்புறீங்களா?"

"நம்பிக்கை முக்கியமில்ல. மாதிரி என்ன சொல்லுதோ அதான்."

"மாதிரி பேசுதா?"

"பேசாது. பாத்தா தெரியும்."

"கல்லு பேசுதுன்னு சொன்னா ஊரையே சிரிக்க வைப்பீங்க. பிளாஸ்டிக் பேசுதுன்னா நான் சிரிக்கக் கூடாதா?"

இருந்தும் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நான் ஒன்றும் செய்யவில்லை. அடக்குமுறை பற்றி மூன்று மணி நேரம் பேசக்கூடியவன், பக்கத்து அறையில் நடந்த அடக்குமுறைக்கு மூன்று நாள் மையும் காகிதமும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணையன்று பிற்பகல், கூப்பிட்ட நேரத்துக்கு முன்பே அக்கா வந்துவிட்டார். மேலாளர் அறைக்குப் போகாமல் நேராக என் அறைக்கு வந்தார். கையில் என் நிராகரிப்புக் குறிப்பின் நகல் இருந்தது. மகள் அதைப் படித்துக் காட்டி, சில இடங்களில் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

"சார், சண்டைக்கு வரல. ஒரு சந்தேகம். ஒளிநிழல்னு எழுதியிருக்கீங்களே, அது என்னது?"

"மடிப்புக்குள்ள அடர்த்தியா, மேட்டுல வெளுப்பா பூசுறது."

"அத யாரு பூசுனா?"

"நீங்கதான் கலந்து கொடுத்திருப்பீங்க."

"ஒரே வாளி சார். ஒரே தடவ பூச்சு. சாம்பிளும் அதே வாளியிலதான் முங்கி எழுந்தான். நான் எப்ப நிழல் போட்டேன்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி வெயில் கண்ணாடிப் பெட்டிக்குள் நேராக இறங்கி, மாப்பிள்ளையின் மார்பில் பட்டுக்கொண்டிருந்தது.

"இவன் இங்க எத்தன நாளா நிக்கிறான்?"

"பதினோரு... பதினோரு மாசம்."

"அலமாரியில என்ன இருக்கு?"

அலமாரியில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியும். மேல் தட்டில் அறிவியல் சிந்தனை வரலாறு நான்கு தொகுதிகள். அதற்குக் கீழே நான் எழுதி, நானே அச்சிட்டு, நானே வைத்திருந்த சிறு நூல் முந்நூறு பிரதிகள். என் புத்தகங்கள் இருட்டில் குளிர்ச்சியாக இருந்தன. மாதிரி வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

"ஆனா நான் தினம் பாக்குறேனே. வெளுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?" என்றேன்.

"தினம் பாக்குறதாலதான் சார் தெரியல. அவன் பெல்ட்டக் கழட்டுங்க."

"என்னது?"

"பெல்ட் தனித் துண்டுதானே? இடுப்புல மாட்டிவிட்டது. அதுக்கு அடியில வெயில் பட்டிருக்காது. கழட்டிப் பாத்தா எந்தச் சிவப்பு நெசம்னு தெரிஞ்சுடும்."

எளிமையான சோதனை. அந்த நான்கு தொகுதிகளையும் படித்த எனக்குத் தோன்றாதது. ஆனால் பெட்டியைத் திறந்தால் கையெழுத்துத் தாள் கிழியும். என் கை பெட்டி வரைக்கும் போயிற்று, அங்கேயே நின்றது. கோயில் வாசலில் செருப்போடு நின்று வாதம் செய்தவன் நான். ஒரு துண்டுத் தாளைக் கிழிக்க முடியாமல் நின்றேன்.

"இதத் திறந்தா மாதிரி செல்லாதும்மா. அதோட, வாடிக்கையாளர் முன்னாலதான் திறக்கணும்னு..."

"சாமி கோச்சுக்குமா சார்?"

அவர் சிரிக்காமல்தான் கேட்டார். நான் தாளைக் கிழித்தேன்.

பெல்ட் பிடிவாதமாக இருந்தது. நான் நகத்தால் நெம்பி, விரலைக் கிழித்துக்கொண்டு, ஒருவழியாகக் கழற்றினேன். மாப்பிள்ளையின் இடுப்பைச் சுற்றி அரை அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை தெரிந்தது. நல்ல அடர்ந்த சிவப்பு. மேலே வெளுப்பு, கீழே வெளுப்பு. நிராகரிக்கப்பட்ட பொம்மை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அவர் டப்பாவைத் திறந்து பழைய அட்டையையும் வைத்தார். பட்டை, பொம்மை, அட்டை. மூன்றும் ஒரே வாளி. நான் என் குறிப்பில் புகழ்ந்திருந்த நுட்பமான ஒளிநிழல் வேலைப்பாட்டின் கலைஞன் சூரியன். மடிப்புக்குள் வெயில் நுழையவில்லை, மேட்டில் அடித்தது. விஷயம் அவ்வளவுதான்.

"உக்காருங்க சார், மூஞ்சி வெளுத்துப் போச்சு. உங்களையும் ஜன்னல்ல வச்சிருந்தாங்களா?" என்றார் அக்கா.

இருவரும் சேர்ந்தே மேலாளர் அறைக்குப் போனோம். மாப்பிள்ளையை அரைநிர்வாணமாக மேஜைமேல் நிறுத்தி நான் விளக்கினேன். மேலாளர் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதும் கதவைச் சாத்தினார்.

"சரி சார், நடந்தது நடந்துபோச்சு. வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே எழுதியாச்சு. இப்ப மாத்தி எழுதினா கம்பெனி மானம் போகும். ஒண்ணு பண்ணலாம். இந்தம்மா ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுக்கட்டும். நாங்க பெரிய மனசு பண்ணித் திரும்ப எடுத்துக்கிட்டதா இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்ல." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "நாளைக்கே வேலைக்கு வந்துடலாம். சந்தோஷம்தானே உனக்கு?"

அக்கா நின்றுகொண்டே இருந்தார். மூன்றாவது நாற்காலியில் மேலாளரின் பை இருந்தது.

"எதுக்கு சார் மன்னிப்பு?"

"ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான்."

"எம் பொண்ணு அந்த வாசல் வழியாத்தான் காலேஜ் பஸ் ஏறப் போறா. மூணு நாளா அந்தப் பலகையப் படிச்சுட்டுப் போறா. மன்னிப்பு எழுதிக் கொடுத்தா, நான் தப்பு பண்ணினேன்னு எங் கையாலேயே எழுதினதா ஆயிடும். வேலை வேணும் சார், எனக்கு ரொம்ப வேணும். ஆனா அந்தப் பலகையில என்ன ஒட்டினீங்களோ, அதே எடத்துல, அதே அளவுல, தப்பு யாருதுன்னு ஒட்டணும். இல்லன்னா நான் வரல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் முறை என்று புரியவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. 'நான் எழுதித் தருகிறேன்' என்றேன். குரல் கூட்டத்தில் வருவதுபோல் வரவில்லை. பூனைக்குட்டியின் குரல் மாதிரி வந்தது. மேலாளர், அப்படியானால் என் 'தலைமை' போய்விடும் என்றார். அது இருந்த காலத்தில் பெரிதாக எதற்கும் உதவவில்லை என்பது அன்று பிற்பகல்தான் தெளிவாகியிருந்தது. போகட்டும் என்றேன்.

அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. புலன்களின் எல்லை, அளவுகோல்களின் நம்பகத்தன்மை, அதிகார அமைப்பில் தவறுகள் இடம்பெயரும் விதம் எல்லாம் இருந்தது. அக்கா வாங்கி நிதானமாகப் படித்தார்.

"சார், இதுல உங்க தப்பு எங்க இருக்கு?"

"இரண்டாம் பக்கம், மேலேயிருந்து நாலாவது வரி."

"அந்த வரிய மட்டும் எழுதிக் கொடுங்க. பலகையில எடமில்ல."

எழுதினேன். 'மாதிரியை வெயிலில் வைத்து வெளுக்க விட்டது நான். சிவப்புக் கலவையில் எந்தத் தவறும் இல்லை.' கீழே கையெழுத்து. நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது இந்த இரண்டு வரிதான். வாசலில் கூட்டம் கூடி நின்று படித்தது. முந்நூறு பிரதிக்குக் கிடைக்காத வரவேற்பு.

மறுநாள் நிராகரித்த இரண்டாயிரத்து நானூறையும் நான் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கவேண்டியிருந்தது. சிவப்பக்கா தன் மேஜையிலிருந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். மேலாளரிடம் அவர் அனுமதி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பது முப்பத்தைந்து பொம்மை தாண்டியதும் ஒருவன் வந்தான். காலரின் ஓரத்தில் சிவப்பு வழிந்து கழுத்தில் ஏறியிருந்தது. உண்மையான குறை. கையை நீட்டிப் பிடித்தாலும் தெரிகிற குறை. நான் அவனைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன், மெதுவாகத் தேறிய பொம்மைகள் பக்கம் நகர்த்தினேன்.

"எங்க தள்ளுறீங்க?"

"சின்னதுதானே. போகட்டும்மா."

"கழுத்துல வழிஞ்சிருக்கு, சின்னதா? எடுத்து ரிஜெக்ட்ல வைங்க. அது என் தப்பு. அன்னைக்குக் கலவையில ரெண்டு சொட்டு தண்ணி கூட விட்டுட்டேன்."

"இல்ல, நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு..."

"அதுக்குப் பரிகாரமா இது? அன்னைக்கு இல்லாத தப்பச் சொன்னீங்க, இன்னைக்கு இருக்கிற தப்ப மறைக்கிறீங்க. ரெண்டு தடவையும் பொம்மையப் பாக்கவே இல்லியே நீங்க!"

எடுத்து நிராகரிப்பில் வைத்தேன். அடுத்தவனின் முழங்கால் தளர்ச்சி. அதையும் வைத்தேன். அதற்கடுத்தவனின் இடது கண்மணி சற்று உள்பக்கமாக இருப்பதாக எனக்குப் பட்டது. நிராகரிப்புப் பக்கம் கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இது நல்லாத்தான் இருக்கு."

"கண்ணு உள்ள பாக்குதும்மா."

"எங்க பாக்குது? நேராப் பாக்குது. நீங்க கோணலாப் பிடிச்சிருக்கீங்க."

"நான் இருபது வருஷமா பிடிக்கிறேன்."

"இருபது வருஷமா கோணலாப் பிடிச்சிருக்கீங்க."

ஸ்கேலை எடுத்தேன். அவர் நூலை எடுத்தார். மூக்கின் நுனியிலிருந்து இரண்டு கண்மணிக்கும் அளந்தோம். எனக்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது, அவருக்கு வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.